வாரேனுங்க

ஆனைமலைக் குன்றுகளில் தொடங்கிக் கொடுமுடிக் காவேரி வரைக்கும் பரந்து கிடக்கும் கொங்கு மண்டலத்துக்கும், அதற்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் உலகத்துக்கும் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வருகிற ஐப்பசி பதினான்காம் நாள், ராகுகாலம் கழித்து, தென்கொங்கு உலகத் தமிழர் தேடல் மற்றும் மீட்பு மாமன்றத்தின் நிறுவனரும் ஆயுட்காலத் தலைவருமான முனைவர் சென்னகிருஷ்ணன் அவர்கள் கம்போடிய நாட்டு மண்ணில் தமது வலது பாதத்தை எடுத்து வைக்க இருக்கிறார்.

கம்போடியாவுக்கு இந்தத் தகவல் தெரியாது. ஆனைமலை முக்கில் இருபதடி ஃபிளெக்ஸ் வைத்து ஊருக்கு மட்டும் தெரிவித்திருந்தார்கள். ஃபிளெக்ஸில் சென்னகிருஷ்ணன் பைனாகுலரைக் கையில் பிடித்தபடி தொலைதூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு விமானம், ஒரு சிங்கம், ஒரு உலக உருண்டை. கீழே வலது மூலையில், நிர்வாகிகள் பதினெட்டுப் பேரின் தலைகள் போக மிச்சமிருந்த சாண் இடத்தில், தேடப்பட வேண்டியவனின் படம் இருந்தது. இடம் பத்தாமல் அவனுடைய ஒரு காதை வெட்டியிருந்தார்கள்.

அந்த வெட்டுப்பட்ட காதைத் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போதும் பொழுதோட திரும்பும்போதும் மினிபஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் பொற்கொடி. ஒன்றரை வயதில் அந்தக் காதில் சீழ் பிடித்தபோது அவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அவன் பெயர் ரூபன். கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

பொற்கொடிக்குக் கொப்பரைக் களத்தில் வேலை. உடைத்த தேங்காயை வாய் மேலே பார்க்கக் களம் முழுக்கப் பரப்பி வைக்க வேண்டும். இரண்டு நாள் நல்ல வெயில் வாங்கியதும் பருப்பு தொட்டியை, அதாவது சிரட்டையை, விட்டு இளகும். அப்போது நெம்பினால் முழுசாக வரும், அவசரப்பட்டால் உடையும். வானம் மூடினால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படுதாவை இழுக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு நாளைக்கு நாலு தடவை மூடி நாலு தடவை திறக்கிற பிழைப்பு. வெயிலுக்கு அடக்கமாகச் சேலைக்கு மேலே அவள் போட்டுக்கொள்வது ரூபனின் பழைய ஐ.டி.ஐ. சட்டை. பாக்கெட்டில் 'வயர்மேன்' என்று நூலில் தைத்திருக்கும்.

சித்திரையில் கோயமுத்தூர் ஏஜெண்டு ஒருத்தன் கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி ரூபனை விமானம் ஏற்றினான். முதல் மாதம் தினமும் போன் வந்தது. இரண்டாம் மாதம் வேறு ஏதோ நம்பரிலிருந்து, குசுகுசுவென்று, ஒரே ஒரு தடவை வந்தது.

"அக்கா, இங்க அத்தனையும் பொய்யிங்க்கா. போன்ல ஆளுகளை ஏமாத்தற வேலைங்க்கா. நம்மூரு ஆளுககிட்டயே தமிழ்ல பேசி ஏமாத்தோணும். மாட்டேன்னா கரண்டு வெக்கறானுங்க்கா. கேட்டைத் தாண்ட முடியாதுங்க்கா."

வயரிங் படித்தவனுக்கே கரண்டு வைத்தார்கள். அன்றைக்கே இடத்தைக் காட்டும் லொகேஷன் ஒன்றை அனுப்பினான். நாலு நாள் கழித்துப் பதினாலு விநாடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். "அக்கா… நல்லாருக்கீங்களா. மாமன் நல்லாருக்குதா. நேரத்துக்குச் சாப்டுங்க. சரிங்க்கா, வாரேனுங்க." அவ்வளவுதான். அதற்கப்புறம் ஐந்து மாதமாக ஒன்றுமில்லை.

அந்த ஐந்து மாதத்தில் பொற்கொடி ஏறி இறங்காத படி கிடையாது. ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கலெக்டர் ஆபீசில் நிற்க வைத்தார்கள். வாட்ஸப்பில் பார்த்துவிட்டு வீட்டுக்கே மூன்று கட்சிக்காரர்கள் வந்தார்கள். டீ குடித்தார்கள். ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். எழுந்து நின்று, இடுப்பு வேட்டியைச் சரிசெய்து, "கவலையே படாதம்மா, வாரோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கொங்கு நாட்டில் போகிறவன் போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் வாரேன், காசிக்குப் போனாலும் வாரேன். வாசலில் நின்று போறேன் என்று எவனாவது சொன்னால், அது திரும்பி வராதவன் சொல்கிற சொல் என்று வீட்டுக்காரி தூ தூவென்று துப்புவாள்.

கடைசியாகப் பிடித்த ஆள் சென்னகிருஷ்ணன். நார் மில் முதலாளி. முனைவர் பட்டத்தை ஊட்டியில் ஒரு லாட்ஜ் ஹாலில் வைத்து வாங்கினார். அதே மேடையில் ஒரு ஜோசியரும் ஒரு அல்வாக் கடைக்காரரும் முனைவர் ஆனார்கள். பொற்கொடி வேலை செய்யும் களத்துக்காரருக்கு அவர் பங்காளி. கம்போடியப் போலீசுக்கு அனுப்புகிற புகாரைத் தானே இங்கிலீஷில் எழுதித் தருவதாக மில் ஆபீசுக்கு வரச் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டினார். பொற்கொடி நின்றுகொண்டு பதில் சொன்னாள்.

"கடைசியா அவன் உங்கிட்ட என்ன சொன்னான்? அதுக்குன்னே தனிக் கட்டம் இருக்குது பாரு."

"ஒண்ணும் சொல்லலீங்க சார். சாப்டுங்கன்னான். வாரேன்னான். அவ்வளவுதானுங்க."

"அம்மணி, இது இண்டர்நேசனல் மேட்டரு. சரியாச் சொல்லோணும். வாரேன்னானா, போறேன்னானா?"

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. "அவன் எதுக்குங்க போறேங்கறான்? எங்கூட்ல அப்படியெல்லாம் ஆரும் சொல்ல மாட்டமுங்க. வாரேன்னுதானுங்க சொன்னான். அப்படியே எழுதுங்க."

"எழுதறேன், எழுதறேன். ஏன் இந்தக் கத்துக் கத்தற?"

அப்படியே எழுதினார்.

ஒரு மாதத்தில் கம்போடியாவிலிருந்து இங்கிலீஷில் பதில் கடிதம் வந்தது. முதல் வரியில் அவர்கள் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒரு வெளிநாட்டு அரசாங்கம் தமக்கு நன்றி சொல்லிவிட்டது என்பதற்கு மேல் சென்னகிருஷ்ணனால் படிக்க முடியவில்லை, நெஞ்சு நிறைந்துவிட்டது. கடிதத்தை ஃபிரேம் போட்டு மில் ஆபீசில் மாட்டினார். பேப்பர்காரர்களைக் கூப்பிட்டு அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே நேரில் போய்த் தேடும் குழு அமைந்தது. தலைவர், அவருடைய மச்சினனான செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் இரண்டு பேர், வீடியோ எடுக்கக் கிஷன். காணாமல் போனவன் வீட்டு ஆள் ஒன்று இல்லாமல் வீடியோ எடுபடாது என்று கிஷன் சொன்னதால் ஏழாவதாகப் பொற்கொடி. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

வழியனுப்பக் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வந்த அவள் புருசன் நஞ்சப்பன் தேங்காய் லோடு ஏற்றுகிறவன். கூட்டத்துக்கு ஒதுங்கிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான்.

"அந்த ஊரு பேரு என்ன புள்ள?"

"நோம்பென்னாமா."

"நோம்பியா?"

"நோம்பியில்ல. நோம்பென்."

"என்னமோ. நோம்பிக்குப் போறவனுகளாட்டத்தான் இருக்குது இவனுகளப் பாத்தா" என்றான் நஞ்சப்பன். கொங்கு நாட்டில் நோம்பி என்றால் திருவிழா. ஆறு பேரும் ஒரே நிறத்தில் டீசர்ட் போட்டு, முதுகில் 'தேடல்' என்று அச்சடித்திருந்தார்கள். மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்தப் போய்ச் செக்யூரிட்டி விரட்டினான். புளிச்சோறு, பருப்புப்பொடி, எள்ளுருண்டை, ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஒப்பிட்டு என்கிற போளி. "தம்பியக் கண்டா இதக் குடு" என்று நஞ்சப்பன் ஒரு சின்னப் பொட்டணத்தை அவள் கையில் திணித்தான். வறுத்த நிலக்கடலை. ரூபன் அதை உப்பில்லாமல்தான் தின்பான்.

முதலில் கோயில் என்று தலைவர் முடிவு செய்திருந்தார். "முதல்ல சாமி, அப்பறம் ஆசாமி" என்று வேனில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அங்கோர் வாட்டில் இரண்டு நாள். அந்தப் பெரிய கல் கோபுரங்களுக்கு முன்னால் நின்று, இதைக் கட்டியது நம் ஆட்களே என்று கிஷனின் கேமராவைப் பார்த்து நாற்பது நிமிடம் பேசினார். எந்த ராஜா, எந்த வருடம் என்பதிலெல்லாம் அவர் இறங்கவில்லை. ஓர் இடத்தில் அது பொள்ளாச்சிக் கல் என்றுகூடச் சொன்னார். வழிகாட்டிப் பையன் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான். சூட்டில் கல்லெல்லாம் களத்து மேடு மாதிரி கொதித்தது. பொற்கொடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஏனுங்க சார், என்ற தம்பி இருக்கற எடம் இங்கிருந்து எத்தன தொலவுங்க?"

"போலாம் போலாம். கட் பண்ணு கிஷன். ஏம்மா, இந்தக் கோயிலு எத்தன நூறு வருசமா நிக்குது? நீ அஞ்சு நிமிசம் நிக்க மாட்டியா?"

"கோயிலுக்குக் கரண்டு வெக்கலீங்களே சார்."

அவருக்கு அது காதில் விழவில்லை. கேமரா மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் நாள் வேன் எல்லைப்பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனது. ரூபன் அனுப்பிய லொகேஷனைப் பிடித்துக்கொண்டு கிஷன் வழி சொன்னான். வயல், வயல், எருமை, திடீரென்று ஏழு மாடிக் கட்டடங்கள் எட்டு. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மாடியில்கூட ஜன்னல் திறந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கம்பி வலை. தலைவர் இறங்கியதும் பேனரை விரித்தார்கள். 'ரூபனே அஞ்சாதே! மாமன்றம் வந்துவிட்டது!' என்று தமிழில் இருந்தது.

பொற்கொடி பேனரைப் பார்க்கவில்லை. சுவருக்கு மேலே இருந்த முள்கம்பியைப் பார்த்தாள். தென்னந்தோப்பு வேலிகளோடு பிறந்து வளர்ந்தவள் அவள். திருடன் உள்ளே வராமல் இருக்க, மேல்கம்பி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இங்கே கம்பி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சார், அந்தக் கம்பியப் பாருங்க. உள்ள பாத்துச் சாஞ்சிருக்குதுங்க. ஆரும் வெளிய வரப்படாதுன்னு வெச்சிருக்கறாங்க. உள்ளதானுங்க இருக்கறான். போயிக் கேளுங்க சார்."

கேட்டிலிருந்து தடியோடு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் பேனர் சுருண்டுவிட்டது. 'தேடல்' என்று எழுதிய நான்கு முதுகுகள் வேனுக்குள் ஏறின. தலைவர் ஏற்கனவே முன்சீட்டில் இருந்தார். மொத்தம் ஆறு நிமிடம். ஏற மறுத்துச் சுவரைப் பார்த்தே நின்றவளைக் கிஷன்தான் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

"டேய் ரூபா!" என்று வேன் ஜன்னலில் தலையை நீட்டி அவள் கத்தினாள். எட்டுக் கட்டடமும் சும்மா நின்றன.

"கத்தாதம்மா, நம்மளையும் புடிச்சு உள்ள போட்டுருவானுக" என்றார் செயலாளர்.

"போடட்டுமுங்க. அப்பவாச்சும் அவனப் பாக்கலாம்."

தலைநகரமான நோம்பென் வந்து சேர்ந்ததும் தலைவருக்கு வந்த முதல் நெருக்கடி தயிர். அதற்காக விசாரித்துக் கண்டுபிடித்த கடைதான் மைதீன் பிச்சையினுடையது. கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர், அறுபது வயது, பதினாலு வருடமாக அந்த ஊரில் பரோட்டாக் கடை நடத்துகிறார். அந்த நாட்டுப் பாஷை சரளமாக வரும். சந்து முனையில் ஒரு பெண் மேலே சட்டை போட்டுக்கொண்டு சேலையில் வருகிறதைப் பார்த்ததும், "ஏனுங்க, பொள்ளாச்சிப் பக்கமுங்களா?" என்று கேட்டார். ஐந்து நாளில் முதல் தடவையாகப் பொற்கொடிக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அடக்கிக்கொண்டு கதையைச் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, "நட தங்கச்சி, அந்த ஆபீசு எனக்குத் தெரியும். நான் பேசறேன்" என்று கிளம்பினார். தலைவர் தயிர்சோற்றை முடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அரசு அலுவலகம் என்றால் படம் எடுக்கலாமே.

புகாரைப் பார்க்கும் போலீஸ் அதிகாரி மெலிந்த, சுத்தமான, சிரித்த முகமுள்ள ஆள். பெயரைத் தட்டிக் கோப்பை எடுத்தார். மைதீன் பிச்சையிடம் சாவகாசமாக ஏதோ சொன்னார். மைதீன் பிச்சைக்கு முகம் மாறியது.

"என்னங்க பாய்?"

"கோப்ப மூடிட்டாங்களாம் தங்கச்சி. மூணு மாசம் ஆச்சாம்."

"எதுக்குங்க மூடுனாங்க?"

"உங்க தம்பி கெளம்பி வந்துட்டிருக்கறதா அவரே சொல்லியிருக்கறாராம். அதனால தேட வேண்டியதில்லையாம். அத எழுதியும் அனுப்புனாங்களாமே? நன்றி சொல்லி, ரெண்டாவது பத்தியில வெவரமா?"

"எவன் சொன்னான் அப்படி?"

அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ற கட்டத்தில் முனைவர் சென்னகிருஷ்ணனின் இங்கிலீஷ் இருந்தது. ஐ யாம் கமிங்.

மைதீன் பிச்சை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அதிகாரிக்கு விளக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் போகிறவன் போறேன் என்று சொல்ல மாட்டான். அது ஆகாது. போகும்போதுதான் வாரேன் என்று சொல்வான். அதிகாரி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். சந்தேகம் கேட்டார்.

"அப்படியானால், நிஜமாகவே வருகிறவன் என்ன சொல்வான்?"

"அவனும் வாரேன்னுதான் சொல்வான்."

"இரண்டுக்கும் ஒரே சொல்லா? அப்புறம் உங்கள் ஊரில் ஒருத்தன் வருகிறானா போகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

மைதீன் பிச்சை இதைத் தமிழில் சொன்னார்.

"வந்தாத்தானுங்க தெரியும்னு சொல்லுங்க பாய்" என்றாள் பொற்கொடி.

அதிகாரிக்கு அந்த விஷயம் பிடித்துப்போயிற்று. வாரேன், வாரேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு விதியைச் சொன்னார். புகார் கொடுத்தவரே ஒரு வரியில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே கோப்பைத் திறக்கலாம். அதோடு காம்பவுண்டுக்கு ஆள் அனுப்பலாம். எல்லோரும் புகார் கொடுத்தவரைப் பார்த்தார்கள். அவர் கிஷனைப் பார்த்து, "கேமராவ ஆஃப் பண்ணு" என்றார். ரூமில் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

பரோட்டாக் கடைக்குத் திரும்பியதும்தான் சண்டை. மைதீன் பிச்சையின் மனைவி ஆமினா பீவி தட்டை வைத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள்.

"என்ற இங்கிலீசுல தப்பு கெடையாது" என்று ஆரம்பித்தார் தலைவர். "வாரேன்னா ஐ யாம் கமிங்தான? வேற எப்படி எழுதறது? நீதான எழுதுங்கன்ன?"

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன். நான் படிக்காதவ, தமிழ்ல சொன்னேன். நீங்க முனைவரு. உங்கூட்டுக்கு வந்த ஒறம்பற எந்திரிச்சு நின்னு வாரேனுங்கன்னா, அடுத்த வேளைக்கு அவங்களுக்கும் சேத்து ஒலைல அரிசி போட்டுட்டு உக்காந்திருப்பீங்களா சார்?"

ஆமினா பீவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மரியாதையாப் பேசு பொற்கொடி."

"அஞ்சு மாசமா மரியாதையாத்தானுங்க பேசறேன். நன்றின்னு போட்டதப் படிச்சீங்களே, அதுக்குக் கீழ நாலு வரி படிச்சிருந்தா மூணு மாசத்துக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குமில்லீங்க? நீங்க ஃபிரேமு போட்டு மாட்டுனது என்ற தம்பியத் தேட மாட்டோம்னு வந்த கடுதாசிங்க சார். அதுக்கு முன்னால நின்னு பல்லக் காட்டிப் படம் எடுத்திருக்கறீங்க. போச்சாதுங்க, ஆச்சு. இப்ப ஒரு கையெழுத்துத்தான கேக்கறேன்?"

"அது அத்தன லேசில்ல கண்ணு" என்று செயலாளர் குறுக்கே வந்தார். "ஞாயித்துக்கெழம பொள்ளாச்சில மாமனுக்குப் பாராட்டு விழா. பத்திரிகை குடுத்தாச்சு. கம்போடிய அரசை அசைத்த கடிதம்னு ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. அந்தக் கடிதமே தப்புன்னு மாமனே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எவனாச்சும் அத வாட்ஸப்புல போட்டா, நம்மூரு பேரு என்னாகறது?"

"ஊரு பேருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அது பாட்டுக்கு பஸ்ஸ்டேண்டு போர்டுல இருக்கும். உள்ள கெடக்கறவனுக்கு என்னாகும்? அதச் சொல்லுங்க."

தலைவர் கை கழுவ எழுந்தார். "ஊருக்குப் போயி லெட்டர்பேடுல முறையா எழுதி அனுப்பறேன். இதெல்லாம் பரோட்டாக் கடையில வெச்சுப் பண்ற காரியமில்ல."

"தயிர்சோறு திங்கற காரியம் மட்டும் பண்ணலாமாக்கும்" என்றாள் ஆமினா பீவி, யாரையும் பார்க்காமல்.

பொற்கொடிக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அதைவிடத் தன் வாயில் ஒன்று போட வேண்டும் என்றும் இருந்தது. போறேன்னானா என்று அவர் கேட்டபோது சுருக்கென்று கோபித்துக்கொண்டது யார்? தம்பிக்கு ஆகாது என்று ஒரு சொல்லைத் தள்ளினாள். தள்ளின சொல்லை விட்டுவிட்டு மற்றதை எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை மாமன்றம் ஊருக்குக் கிளம்பியது. ஓட்டல் வாசலில் பெட்டிகள் ஏறின. காலி ஒப்பிட்டுப் பெட்டியில் இப்போது கல் யானைகளும் பட்டுத் துணிகளும் இருந்தன. பொற்கொடி தன் பையோடு மைதீன் பிச்சை பக்கத்தில் நின்றாள். விசாவில் இன்னும் இருபத்தி மூன்று நாள் இருந்தது. ஆமினா பீவி கடை மாடியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நான் வர்லீங்க" என்றாள்.

"அப்ப விழா மேடைல ஆரு உக்கார்றது?" என்று பொருளாளர் பதறினார்.

"அந்தக் காதுக்கு எடமில்லாத போட்டாவ உக்கார வெய்ங்க."

கிஷன் மட்டும் அவளுடைய போனை வாங்கி, தான் எடுத்த சுவர் படத்தை அதில் ஏற்றிக் கொடுத்தான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெருந்தன்மையாகக் கை கூப்பினார்.

"சரிம்மா. தைரியமா இரு. வாரேன்."

"போங்க" என்றாள் பொற்கொடி.

வேனுக்குள் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. "ஏ புள்ள, என்ன வார்த்த அது? விமானத்துல போற ஆளுக. போயிட்டு வாங்கன்னு சொல்லு."

"போங்கன்னுதான் சொன்னேனுங்க. சரியாத்தான் சொன்னேன். இங்கிலீஸ்ல எழுதி மாட்டிக்கோங்க."

வேன் போனதும் மைதீன் பிச்சை அவள் பையை வாங்கிக்கொண்டார். அவளுக்கு வாய் கசந்து கிடந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒரு பருப்பு தொட்டியை விட்டுச் சுத்தமாகக் கழன்ற மாதிரி இருந்தது.

அக்கா என்கிற உறவில் அவள் பெயரிலேயே கொடுக்கிற புதுப் புகாருக்குக் காகிதம் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. ரூபனின் பள்ளிச் சான்றிதழை நஞ்சப்பன் டிரங்குப் பெட்டியில் தேடி எடுத்து, படம் பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது. முதல் தடவை தலைகீழாக அனுப்பினான். இரண்டாம் தடவை தன் கட்டைவிரலை அனுப்பினான். அந்த இரண்டு நாளும் பொற்கொடி சும்மா இருக்கமாட்டாமல் கடைக்குத் தேங்காய் உடைத்தாள். அந்த ஊர்த் தேங்காயும் பருப்பும் தொட்டியுமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அதிகாரி முன்னால் உட்கார்ந்தார்கள். படிவத்தை மைதீன் பிச்சை நிரப்பினார். புகார் கொடுப்பவர், பொற்கொடி. உறவு, அக்கா. அடையாளம், இடது காதுக்குக் கீழே தழும்பு. பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது.

"கடைசியாச் சொன்ன வார்த்தை, தங்கச்சி."

அவள் போனை எடுத்து அந்தப் பதினாலு விநாடியை ஓடவிட்டாள். நேரத்துக்குச் சாப்டுங்க. சரிங்க்கா, வாரேனுங்க. அதிகாரிகூடத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"போயிட்டு வாரேன்னு எழுதட்டுமா?"

"அதுலயும் வாரேன் இருக்குதுங்களே பாய். அதப் புடிச்சுக்குவாங்க."

"அப்ப?"

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கை தானாக எழுந்தது, படுதாவை இழுக்கப் போகிற மாதிரி. பிறகு மடியில் விழுந்தது.

"போறேன்னு எழுதுங்க."

"தங்கச்சி…"

"எழுதுங்க பாய். அவன் சொல்லல. நான் சொல்றேன். அக்கா நான் போறேனுங்க்கா, இனி வரமாட்டேன், என்னையத் தேடிப் புடிச்சாத்தான் உண்டு. அப்படி எழுதுங்க. இவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க."

மைதீன் பிச்சை முனகலாக ஏதோ ஓதிக்கொண்டு எழுதினார். ஆகாத சொல்லைச் சொன்ன வாயால் தூ தூவென்று துப்ப வேண்டும். எதிர்ச்சுவரில் துப்பக் கூடாது என்று படம் போட்டிருந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

அதிகாரி படித்துப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது தெளிவாக இருக்கிறது என்றார். முத்திரை ஒன்றைக் குத்தினார். இன்னொரு முத்திரை உள் அறையில் இருக்கிறது, அதையும் குத்திவிட்டால் காம்பவுண்டுக்கு இன்றைக்கே ஆள் கிளம்பும் என்றார். படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, தொப்பியை மாட்டி, கதவருகே திரும்பி நின்றார். இந்த இரண்டு பேருக்கும் ஒரு சந்தோஷத்தைக் கொடுக்க நினைத்தவர் போல, கை கூப்பி, கொங்கு நாட்டு ஆளைப் போலவே சுத்தமாகச் சொன்னார்.

"வாரேன்."

பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தில், "போயிட்டு வாங்க" என்றாள் பொற்கொடி.

ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். அவர் வரவில்லை.